இன்டர்போலின் 'தேடப்படுவோர்' இணையப் பக்கம்: ஒரு மதிப்பீடு

2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள், குடையப்பட்ட புத்தகமொன்றில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், பாதாள உலகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் எனத் தேடப்பட்ட சிலர் ஓகஸ்ட் மாதம் ஜகார்த்தாவிலும், புதுக்கடைக் கொலை தொடர்பில் தேடப்பட்ட பெண் ஒக்டோபரில் நேபாளத்திலும் கைதாகிக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். இத்தகைய செய்திகளில் நமது பத்திரிகைகள் 'சிவப்புப் பிடியாணை' என்று எழுதுகின்றன. அது பிழையான சொல் என்பதை, சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போல் தேடப்படுவோர் பற்றிய 'சிவப்பு அறிவித்தல்'களை வெளியிடும் இணையப் பக்கம் தெளிவாக உணர்த்துகிறது. இச்சேவையை நான் பரிந்துரைப்பதற்கு முதற் காரணம் அதுவே.

சிவப்பு அறிவித்தல் பிடியாணை அன்று. ஒருவரைக் கண்டறிந்து, நாடு கடத்தும் நடவடிக்கை வரையில் தற்காலிகமாகத் தடுத்து வைக்குமாறு உறுப்பு நாடுகளின் பொலிஸாரிடம் விடுக்கப்படும் வேண்டுகோளே அது. கைது செய்வதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது. இன்டர்போலில் 196 நாடுகள் உறுப்புரிமை பெற்றிருப்பினும், அதன் அதிகாரிகள் எவரையும் தாமாகக் கைது செய்வதில்லை. அரசியல், இராணுவ, மத, இனத் தன்மை கொண்ட விடயங்களில் தலையிடுவதை அதன் யாப்பின் 3ஆம் உறுப்புரை தடை செய்கிறது என்பதை, நம்மவர்கள் குறிப்பாக அறிந்திருத்தல் நல்லது.

தேடுவது எளிது, கட்டணமில்லை. ஒருவருக்கான பக்கத்தில் படம், வயது, தேடும் நாடு, அந்நாடு கூறும் குற்றச்சாட்டு ஆகியன இருக்கும். ஆயினும் பெரும்பாலான சிவப்பு அறிவித்தல்கள் பொலிஸாரின் பார்வைக்கு மட்டுமே உரியவை என்பதால், ஒருவரின் பெயர் அங்கே இல்லை என்பதை அவர் தேடப்படவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ஆயுதங்களைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இங்கே கிடைப்பது குறைவு. திருடப்பட்ட, காணாமற்போன, கடத்தப்பட்ட துப்பாக்கிகளைப் பதிவுசெய்து தடம் காணும், இன்டர்போலின் ஐ-ஆர்ம்ஸ் தரவுத்தளம் பொதுமக்களுக்குத் திறந்ததன்று, அது நியாயமானதே. 2021 மார்ச்சில் இந்தியக் கரையோரக் காவற்படை மறித்த இலங்கைப் படகொன்றில் ஏறத்தாழ 300 கிலோ ஹெரோயினுடன் 5 ஏகே-47 துப்பாக்கிகளும் 1,000 தோட்டாக்களும் இருந்தன. அத்தகைய துப்பாக்கி எங்கிருந்து புறப்பட்டது என்பதைத் தொடர் இலக்கத்தைக் கொண்டே தேட வேண்டியிருப்பதால், ஒரு நாட்டின் பதிவேடு மட்டும் போதாது. இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையாவது தளம் இன்னும் விரிவாக விளக்கியிருக்கலாம்.

பெருங்குறை மொழியே. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு ஆகிய நான்கில் மட்டுமே தளம் இயங்குகிறது. தேடலில் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. தகப்பன் பெயரை முன்னால் எழுதும் நம் வழக்கம் அவற்றில் எளிதில் பொருந்தாது. ஆகவே பெயரை விடுத்து, நாட்டுரிமை என்னுமிடத்தில் இலங்கையைத் தெரிவுசெய்து, வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நம்பகமான வழி.