களைக்கொல்லி விற்கத் தெரிந்த ஓர் உரக்கடை

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரம் இருக்கும் ஓர் உரக்கடையில், கடந்த மூன்று ஆண்டுகளாக விதை, உரம், பயிர் மருந்து எல்லாவற்றையும் வாங்கி வருகிறேன். தம் பெயரோ கடையின் பெயரோ எங்கும் எழுதப்படுவதைக் கடைக்காரர் விரும்பவில்லை. ஆகவே அவ்விரண்டையும் விட்டுவிட்டு, அங்கே களைக்கொல்லி விற்கப்படும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உரமும் விதையும் எந்தக் கடையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கிடைக்கின்றன. அடர் களைக்கொல்லியை எடுத்துக் கொடுக்கும் விதத்தில்தான் ஒரு கடைக்காரரின் பொறுப்பு தெரியவருகிறது என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் வேறொரு கடையில் தொடங்கியது. மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களை மண்டியிருந்தபோது, அந்தப் பழைய கடையில் 2,4-டி என்ற களைக்கொல்லியைக் கேட்டேன். முழு பாட்டில் எனக்குத் தேவைப்படாது என்று, உடைத்த பாட்டிலிலிருந்து பாதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாட்டிலில் ஒட்டும் விவரச் சீட்டு இல்லை, துண்டறிக்கை இல்லை, ரசீதும் இல்லை. "டேங்குக்கு இரண்டு மூடி" என்ற ஒரு சொல் மட்டுமே கிடைத்தது. சோளத்துக்கு அடித்து முடித்த பிறகு டேங்கை இருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே டேங்கில் தக்காளிக்குப் பூச்சி மருந்து கலந்து தெளித்தேன். ஒரு வாரத்துக்குள் தக்காளிக் குருத்துகள் கயிறு முறுக்கினாற்போல் முறுக்கிக்கொண்டன. இலைகள் சுருங்கி நூலாயின. நாற்பது சென்ட் தக்காளி பூவோடு போயிற்று. தக்காளி, பருத்தி, கத்தரி, திராட்சை போன்ற பயிர்கள் 2,4-டியின் மிகச் சிறிய எச்சத்தையும் தாங்காது என்பதையும், களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தவறும்தான். அதைவிடப் பெரிய அச்சம் பிறகு வந்தது. மாட்டுக் கொட்டகையின் விட்டத்தில் செருகி வைத்திருந்த மீதியை, விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் குளிர்பானம் என்று எண்ணி எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்ததை என் தாயார் பார்த்துவிட்டார். அவர் அந்த நேரத்தில் அங்கே வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க முடியவில்லை.

இப்போது நான் செல்லும் கடையில் முதல் நாள் களைக்கொல்லி கேட்டபோது, கடைக்காரர் அலமாரியின் பக்கம் திரும்பவே இல்லை. "என்ன பயிருக்குண்ணே? பக்கத்துத் தோட்டத்துல என்ன நிக்குது?" என்று கேட்டார். நட்டு எத்தனை நாளாயிற்று, களை கோரையா, அருகா, அகன்ற இலையா, முளைப்பதற்கு முன்பா முளைத்த பின்பா, கலப்பது கிணற்று நீரா ஆழ்துளை நீரா, தெளிப்பான் எது, அதன் முனை எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆயினும் அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வீணானதில்லை. பூச்சி மருந்துக்குரிய கூம்பு முனையில் களைக்கொல்லியை அடித்தால் மூடுபனிபோல் நுண்துளியாகிக் காற்றோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். விசிறி முனையே இதற்கு ஏற்றது. கலங்கல் நீரில் கலந்தால் கிளைபோசேட், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வலுவிழக்கும். முருங்கையும் தக்காளியும் வரப்புக்கு வரப்பு நிற்கும் எங்கள் பகுதியில், பக்கத்துத் தோட்டத்தைக் கேட்காமல் 2,4-டி விற்பது அண்டை வீட்டாரோடு சண்டையை விலைக்கு விற்பதற்கு ஒப்பாகும்.

களைக்கொல்லிக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் பூச்சிக்கொல்லி என்ற சொல்லுக்குள்ளேயே களைக்கொல்லியையும் பூஞ்சாணக்கொல்லியையும் அடக்கியிருக்கின்றன. விற்பனை உரிமத்தைக் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். இந்தக் கடையில் அது கல்லாவுக்கு நேர் மேலே இருக்கிறது; எந்தெந்த நிறுவனத்தின் மருந்துகளை விற்க அனுமதி உண்டு என்ற சான்றுகளும் அருகிலேயே கோப்பில் இருக்கின்றன, கேட்டால் எடுத்துக் காட்டுகிறார். உரிமம் பெற வேளாண்மை, வேதியியல், தாவரவியல் போன்ற துறைகளில் பட்டமோ உரிய பட்டயமோ வேண்டும் என்று பின்னாளில் விதி வந்தபோது, நீண்ட காலமாக வியாபாரம் செய்துவந்த இவர், ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்காக வகுத்த ஓராண்டுப் பட்டயப் படிப்பை, வாரவிடுமுறை வகுப்புகளுக்குச் சென்று முடித்திருக்கிறார். அந்தப் படிப்பு அவர் பேச்சில் தெரிகிறது.

சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அங்கே அறவே இல்லை. மூடி உடைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது மறுபொதிவு ஆகும். சாதாரண விற்பனை உரிமம் அதற்கு இடம் தருவதில்லை. கால் லிட்டர் வேண்டுமென்றால் நிறுவனம் அடைத்த கால் லிட்டர் பாட்டில்தான். அது இல்லாத நாளில், ஒரு முதியவர் கெஞ்சிக் கேட்டும் அவர் கொடுக்காததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அது கடுமையாகத் தோன்றியது. எங்கள் கொட்டகை விட்டத்தை நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

பாட்டிலின் மீது நச்சுத்தன்மையின் அளவைக் காட்டும் சாய்சதுரத்தை அவர் விளக்கும் விதம் தனியாகச் சொல்லத் தக்கது. அந்தச் சதுரம் இரு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல்லும் கீழ்ப் பாதியில் நிறமும் இருக்கும். கடும் நச்சுக்குச் சிவப்பும் மண்டையோடும், அடுத்த நிலைக்கு மஞ்சள், அதற்கடுத்து நீலம், பிறகு பச்சை. மஞ்சள் என்றதும் சிவப்பைவிடக் குறைவுதானே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். பாராகுவாட் 24 சதவீதக் கரைசலின் நிறம் மஞ்சள்தான். ஆனால் அது உடலுக்குள் போனால் நுரையீரலைச் சிதைக்கும், அதற்கு முறிவு மருந்தே கிடையாது. கேரளம் 2011இல் அதைத் தடை செய்தது. நம் பக்கம் அதை விற்கச் சட்டம் இடம் தந்தாலும், இவர் தம் கடையில் வைப்பதில்லை. வியாபாரம் குறையாதா என்று கேட்டேன். "குறையும்ண்ணே, குறைஞ்சா குறையட்டும்" என்றார். எந்த மருந்தானாலும், தவறி உள்ளே போய்விட்டால் 108ஐ அழைத்து, பாட்டிலையும் துண்டறிக்கையையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லியே அனுப்புகிறார்.

கிளைபோசேட் விஷயத்தில்தான் வாடிக்கையாளர்களுக்கு அவர் மீது வருத்தம். நம் நாட்டில் அது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே பதிவு செய்யப்பட்டது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி அதைப் பயன்படுத்தலாகாது என்று அறிவிக்கை வெளியிட்டது. அப்படியிருந்தும் கோரை ஒழிய அதைவிட்டால் வேறில்லை என்று கேட்டு வருவோர் குறையவில்லை. இவர் தருவதில்லை. மறுத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பிவிடாமல், பயிருக்கேற்ற மாற்றைச் சொல்கிறார்: சின்ன வெங்காயத்துக்கு அந்தப் பயிரின் பெயர் சீட்டிலேயே அச்சிடப்பட்டுள்ள ஆக்சிபுளோர்ஃபென், மக்காச்சோளத்துக்கு அட்ரசின். வாழைக்கும் முருங்கைக்கும் நடுவில் கோரை என்றால், கோடையுழவும் கைக்களையும்தான் என்று தயங்காமல் சொல்கிறார். களை எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது கேட்பதற்கு இனிப்பான விடையன்று. ஆனாலும் நேர்மையான விடை.

ரசீது தராமல் ஒரு பாட்டிலும் வெளியே போவதில்லை. தயாரிப்புத் தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். மருந்து வேலை செய்யாமல் போனாலோ பயிர் கருகினாலோ, நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்க விவசாயியிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். காலாவதியானவை பின்னறையின் ஒரு மூலையில் "விற்பனைக்கல்ல" என்ற முத்திரையோடு தனியே வைக்கப்பட்டு, மேலே பலகையும் மாட்டப்பட்டிருக்கின்றன. சோதனைக்காக மருந்துகளின் மாதிரியை எடுக்க அரசு ஆய்வாளர் வந்த ஒரு நாள் நானும் அங்கிருந்தேன். எந்தப் பரபரப்பும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மருந்தறை தனியாகப் பூட்டப்பட்டிருந்தாலும், மாட்டுத்தீவன மூட்டைகள் அதன் வாசலுக்கு மிக அருகில் அடுக்கப்படுகின்றன. சுமை இறக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே தரையில் கிடப்பதை இருமுறை பார்த்தேன். சொன்னதும் ஒரு தடுப்புப் பலகை வைத்தார், அது போதாது. கையுறை, முகமூடி, காலுறை ஆகியவற்றை மருந்தோடு சேர்த்து விற்கக் கூடிய இடத்தில் அவை பெரும்பாலும் இருப்பில் இருப்பதில்லை. காலிப் பாட்டில்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இல்லை. விதி, பயன்படுத்திய கலன்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கிறது. நடைமுறையில் அவை வாய்க்காலில்தான் மிதக்கின்றன. மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிய பாட்டில்களைக் கொண்டுவந்து போட கடை வாசலில் ஒரு தொட்டி வைத்தால், எங்கள் ஊரிலிருந்து மட்டும் பலர் கொண்டுவருவோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்.

விலை மற்ற கடைகளைவிடச் சற்றுக் கூடுதல், கடன் கிடையாது, கூட்டமிருந்தால் அரை மணி நேரம் நிற்க நேரும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்கு முன்பு சென்றால், தம் வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடிக்க அவருக்கும் பொறுமை இருக்கும், பதில் சொல்ல நமக்கும் நேரம் இருக்கும். போகும்போது உங்கள் தோட்டத்தைச் சுற்றியுள்ள நான்கு வரப்புக்கு அப்பால் என்ன பயிர் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.