அலுமினா வடிகட்டியுடன் ஆறு ஆண்டுகள்: காட்டுக்கொட்டாயிலிருந்து ஓர் அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்குப் பக்கத்துக் காட்டுக்கொட்டாய் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் ஊருக்குள் கிடைக்கிறது. ஊரைவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிலத்தில் குடியிருக்கும் எங்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. கருங்கல் பாறையிலிருந்து கரைந்து வரும் புளூரைடு அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் இருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். மூத்தவனுக்கு முளைத்த நிலைப்பற்களில் புளூரைடால் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்ததைப் பார்த்த பிறகுதான், இளையவளையாவது காப்பாற்ற வேண்டும் என்று தண்ணீரிலிருந்து புளூரைடை நீக்கும் முயற்சியில் இறங்கினோம். அதற்கு முன் பல ஆண்டுகள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளூரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

முதலில் எட்டு மாதம் நல்கொண்டா முறையைக் கையாண்டோம். நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அந்த முறையில், பக்கெட் தண்ணீரில் சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கரைத்து, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. ஆனால் எங்கள் தண்ணீருக்கு லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் படிகாரம் தேவைப்பட்டதால் நாக்கில் ஒரு துவர்ப்பு நின்றது. பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீரையே தேடிப் போனார்கள். நாள்தோறும் அடியில் தேங்கும் சேற்றை அப்புறப்படுத்துவதும் பெரும்பாடாக இருந்தது.

அதன் பிறகு வாங்கியதுதான் இந்த வடிகட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள். மேல் பாத்திரத்தில் நொய்யரிசி போன்ற வெள்ளைக் குருணையாக 3 கிலோ ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது புளூரைடைப் பிடித்துவைக்கும் அலுமினிய ஆக்சைடு. மேலே ஊற்றும் தண்ணீர் மணிக்குச் சுமார் 10 லிட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. மின்சாரம் வேண்டாம், ஆர்.ஓ. கருவியில் வீணாவதுபோலத் தண்ணீரும் வீணாவதில்லை. சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும் எங்களுக்கு அது சிறிய விஷயமல்ல. சுவையும் மாறவில்லை.

இதை வாங்க நினைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ குருணை ஏறத்தாழ 2 கிராம் புளூரைடைப் பிடித்துவைக்கும் என்று கொண்டால், லிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராமை நீக்க எங்கள் 3 கிலோவுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர்தான் எல்லை; அதன் பிறகு, பிடித்த புளூரைடை வெளியேற்றக் குருணையைக் கழுவ வேண்டும். பாதுகாப்புக்காக 1,800 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தால் 120 குடம் என்று வைத்துக்கொண்டோம். குடிப்பதற்கு மட்டும் நாளுக்கு 10 லிட்டர் எடுத்தவரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குருணையைக் கழுவினால் போதுமானதாக இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, களி கிண்டவும் குழம்பு வைக்கவும் பயன்படுத்தும் தண்ணீர் வழியாகவும் புளூரைடு உடம்புக்குள் போகிறது என்பதை உணர்ந்து, சமையலுக்கும் வடிகட்டிய நீரையே எடுத்தோம். செலவு 20 லிட்டராயிற்று; கழுவும் தவணையை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன். ஐந்தாம் மாதம் பரிசோதனைக் குப்பியில் மருந்தை விட்டபோது, இளஞ்சிவப்பாக நிற்க வேண்டிய நீர் கண்ணெதிரே மஞ்சளுக்கு மாறியது. அளவு 3 மில்லிகிராம். “தண்ணி கல்கண்டு மாதிரி தெளிவாத்தானே இருக்குது?” என்றார் என் அத்தை. கெட்டுப்போன வடிகட்டியிலும் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்; நிறம், மணம், சுவை எதிலும் வேறுபாடு தெரியாது. எத்தனை வாரம் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன் என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. அன்று முதல் ஒவ்வொரு குடத்துக்கும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு போடுகிறோம். மாதம் ஒருமுறை பரிசோதிக்கிறோம்.

கழுவும் வேலையை வீட்டில் செய்யக் கூடாது. 1 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 8 மணி நேரம், நன்றாக அலசிய பின் நீர்த்த கந்தக அமிலத்தில் 8 மணி நேரம் குருணையை ஊறவைத்து, காரமோ அமிலமோ துளியும் தங்காத அளவுக்கு மீண்டும் அலச வேண்டும். எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற மகளிர் குழுவினர் கையுறை, கண்ணாடி அணிந்து ஒரு தவணைக்கு 60 ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள். குருணை பிடித்துவைத்த புளூரைடு முழுவதும் அந்தக் காரநீரில்தான் வெளியேறுகிறது. அதை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டினால் பிடித்த நஞ்சை மீண்டும் நிலத்துக்கே கொடுத்ததாகும். ஆகையால் கிணறுகளுக்கு எட்டாத தொலைவில் சிமென்ட் பூசிய தொட்டியில் தேக்கி உலரவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கழுவலிலும் குருணை கொஞ்சம் தேய்கிறது, பிடிக்கும் திறனும் சற்றுக் குறைகிறது. ஆண்டுக்கொருமுறை அரைக் கிலோ புதிதாகச் சேர்க்கிறோம். இருந்தும் ஆறாம் ஆண்டில் எல்லையை 100 குடமாகக் குறைத்துக்கொண்டேன். பக்கத்தில் கழுவித் தர ஆளில்லாத ஊர்க்காரர்களுக்கு இந்த வடிகட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் ஐப்பசி மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்துவைத்துக் குடிப்பதே மேல்.