அறிகுறி வரட்டும் என்று இருப்பதா, முன்னதாகவே பார்த்துவிடுவதா?

24 வயதில், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, பாலுறவு வழியாகப் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமிடியாவுக்குப் பரிசோதனை செய்துகொண்டேன். தொற்று இருந்தது. ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காத்திருப்பதில் உள்ள சௌகரியம் எல்லாருக்கும் தெரிந்ததே: செலவில்லை, சங்கடமில்லை. ஆனால் கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கருக்குழாய் வரை ஏறி வடுவாக்கிவிட்டால், குழந்தையின்மை, கருப்பைக்கு வெளியே கரு தங்குவது என்று பின்னாளில்தான் தெரியவரும். பரிசோதனைக்குச் சிறுநீரோ, நாமே எடுத்துக்கொடுக்கும் பஞ்சுக்குச்சி மாதிரியோ போதும். மருந்து, 7 நாள் டாக்ஸிசைக்ளின். இதுவரைக்கும் போட்டியே இல்லை.

சிக்கல் முடிவு கைக்கு வந்த பிறகுதான். மாத்திரை விழுங்குவது எளிது. இணையரிடம் சொல்வது அப்படியல்ல. "எனக்கு ஒன்றுமே இல்லையே" என்று அவர் மூன்று வாரம் இழுத்தடித்தார். அவர் மருந்து எடுக்காதவரை என் 7 நாள் மாத்திரைக்கு அர்த்தமில்லை. அதே தொற்று அவரிடமிருந்து திரும்பி வரும். 3 மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான். பரிசோதனைகளை மட்டும் எண்ணிக்கொண்டு இணையரை விட்டுவிடும் திட்டம், ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவர்கள் வழியாகப் பரிசோதனையைக் கூட்டிப் பார்த்த பெரிய ஆய்வு 2018இல் வெளியானது. பரவல் குறிப்பிடும்படி குறையவில்லை. 2003இல் இளைஞர் இருபாலருக்கும் திட்டம் தொடங்கிய இங்கிலாந்து, 2021இல் குறிக்கோளையே மாற்றிக்கொண்டது: பரவலைத் தடுப்பதைவிடப் பாதிப்பைக் குறைப்பதே முதன்மை, அறிகுறி இல்லாதவர்களில் இளம் பெண்களிடமே தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது.

அதற்காக எல்லாரையும் வரிசையில் நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கே தொற்று இருக்கிறது என்று வையுங்கள். தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரைப் பரிசோதனை தவறாகக் காட்டினாலும், இன்னொரு பத்துப் பேர் இல்லாத நோய்க்காக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பாலுறவில் ஈடுபடும், 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கொரு முறை என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

ஆண்களுக்கு? என் அனுபவம் ஒரே ஒருவரோடு முடிந்துவிடுகிறது. அவரும் நான் பிடித்து இழுத்ததால் வந்தவர். அறிகுறியில்லாத ஆண்களுக்கு இப்பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2021இல் சொன்னது. ஆனால் இணையருக்குத் தொற்று உறுதியான பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை.