கூப்பர்டினோவா, ஃப்ரீமான்ட்டா, சான் ரமோனா?

கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஊர்ப் பெயரை நம்ப முடியாது. ஃப்ரீமான்ட் ஹைஸ்கூல் ஃப்ரீமான்ட்டில் இல்லை, சன்னிவேலில் இருக்கிறது. 'ஃப்ரீமான்ட் யூனியன்' என்றொரு பள்ளி மாவட்டம், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, உண்டு. அதிலும் ஃப்ரீமான்ட் ஊர் வராது. கூப்பர்டினோ, சன்னிவேலின் பெரும்பகுதி, சான் ஹோசேயின் மேற்கு ஓரம் இவைதான் முக்கியமாக வரும். ஃப்ரீமான்ட் ஊருக்கு 'ஃப்ரீமான்ட் யூனிஃபைடு' என்று தனி மாவட்டம். சரி, சான் ரமோன் பக்கமாவது ஒழுங்காக இருக்குமா என்று பார்த்தால், சான் ரமோன் வேலி ஹைஸ்கூல் இருப்பது பக்கத்து ஊரான டான்வில்லில்.

டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வந்த என் சித்தி மகன் இந்தப் பெயர்க் குழப்பத்தில் தவறான ஊரில் லீஸ் கையெழுத்துப் போட இருந்தான். முந்தின நாள் இரவு போன் பண்ணியதால் தப்பித்தான். "அண்ணா, மூணுல எது நல்ல ஊர்? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான். நான் கூப்பர்டினோவில் நாலு வருடம் வாடகைக்கு இருந்தவன், இப்போது ஃப்ரீமான்ட்டில் சொந்த வீடு, மச்சினி குடும்பம் சான் ரமோனில். மூன்றையும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரைப் பார்த்து வீடு பார்க்காதீர்கள். வரைபடத்தில் போட்டிருக்கும் கோடுகளைப் பாருங்கள். பள்ளி எல்லைக் கோடு, சாலைக் கோடு, நிலநடுக்கப் பிளவுக் கோடு. இந்த மூன்றும்தான் உங்கள் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும்.

முதலில் காசு. கூப்பர்டினோவில் தனி வீடு என்றால் 30 லட்சம் டாலர் என்பது சாதாரணப் பேச்சு. அதற்கும் பல நேரம் 1960-களில் கட்டிய, ஒற்றைத் தளமும் தாழ்வான கூரையும் கொண்ட வீடுதான் கிடைக்கும். ஃப்ரீமான்ட்டிலும் சான் ரமோனிலும் ஏறக்குறைய அதில் பாதியில் ஆரம்பிக்கலாம். ஃப்ரீமான்ட்டில் அந்தப் பணத்துக்கு நடுத்தர வயது வீடு. சான் ரமோனில் கிழக்கே டோகர்ட்டி வேலிப் பக்கம் 2000-க்குப் பிறகு கட்டிய, மாடியும் மூன்று குளியலறையும் உள்ள வீடு.

ஆனால் விலையோடு கணக்கு முடியாது. கலிஃபோர்னியாவில் சொத்து வரியை 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவு கட்டுப்படுத்துகிறது. வாங்கிய விலையில் 1 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கான சில்லறை. மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், நீங்கள் 30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு வருடம் சுமார் 36,000 டாலர் கட்டுவீர்கள். 1985-ல் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய பக்கத்து வீட்டுத் தாத்தா சுமார் 4,000 கட்டுவார். அதே தெரு, அதே குப்பை லாரி. இதில் அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவரைப் பார்த்து உங்கள் மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, வீடு வாங்கிய சில மாதங்கள் கழித்துத் தனியாக ஒரு துணை வரி பில் தபாலில் வரும். பழைய சொந்தக்காரரின் மதிப்பீட்டுக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கானது அது. வங்கி பிடித்துவைக்கும் வரிப்பணத்தில் பெரும்பாலும் அது அடங்காது. எங்களுக்கு வந்தபோது ஏதோ மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போடப் பார்த்தேன்.

சான் ரமோன் போன்ற புதுக் குடியிருப்புகளில் வரி பில்லின் கீழ்ப்பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாலை, பூங்கா, மலைச்சரிவுப் பராமரிப்பு என்று தனித்தனிக் கட்டணங்கள் வரிசையாக இருக்கலாம். 1982-ல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டத்தின்கீழ் வசூலிக்கும் சிறப்பு வரியும் கலிஃபோர்னியாவின் புதுக் குடியிருப்புகள் பலவற்றில் உண்டு. அதன்மேல் குடியிருப்போர் சங்கக் கட்டணம், அதுதான் எச்ஓஏ. மச்சினி வீட்டில் வேலிக்கு எந்தப் பழுப்பு நிறம் அடிக்கலாம் என்பதற்குக்கூட சங்கத்தின் பட்டியல் இருக்கிறது.

இனி பள்ளி. பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கூப்பர்டினோவில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்குப் பிறகு வேறு மாவட்டம். மான்டா விஸ்டா, லின்புரூக், கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட் என்று உயர்நிலைப் பள்ளிகள். இதில் லின்புரூக் இருப்பது சான் ஹோசே எல்லைக்குள். அதாவது முகவரியில் சான் ஹோசே என்று இருந்தாலும் பிள்ளை இந்தப் பள்ளிக்குப் போகலாம். கூப்பர்டினோ என்ற பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்க மனசில்லாதவர்கள் அங்கே தேடுகிறார்கள். இன்னொரு முரணும் உண்டு: இவ்வளவு பேர் பள்ளிக்காக அடித்துப் பிடித்து வரும் ஊரில், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து 2022-ல் சில தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் வயதில் அந்த விலைக்கு வீடு வாங்க யாரால் முடியும்?

ஃப்ரீமான்ட் 1956-ல் ஐந்து சிற்றூர்களைச் சேர்த்து உண்டாக்கிய நகரம். சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ். இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள். அதனால் "ஃப்ரீமான்ட் பள்ளி எப்படி?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, எந்த ஃப்ரீமான்ட் என்று கேட்க வேண்டும். மிஷன் சான் ஹோசே ஹைஸ்கூல் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கும் அந்த எல்லைக்கு வெளியே உள்ள வீட்டுக்கும் விலையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். அந்தக் கோடு கல்லில் செதுக்கியதும் இல்லை. 2000-ஐ ஒட்டி வைபல் தொடக்கப் பள்ளி வட்டாரத்தை மிஷனிலிருந்து இர்விங்டனுக்கு மாற்றியபோது பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள். மிஷன் என்று நம்பி வீடு வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு இர்விங்டன் என்று ஆயிற்று.

சான் ரமோனில் டோகர்ட்டி வேலி ஹைஸ்கூல் 2007-ல் திறந்தது. கட்டடம் புதிது, போட்டி மட்டும் பழைய ஊர்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நம்மவர்கள் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட யூசி வளாகங்கள், சேர்க்கைக்கு எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. மாணவர் தன் பள்ளியில் எந்த இடத்தில் இருக்கிறார், அங்கே கிடைத்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்கிறது. தன் பள்ளியில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கென்று தனி ஏற்பாடே இருக்கிறது. கேட்ட வளாகம் கிடைக்காவிட்டாலும், இடம் இருக்கும் ஏதாவது ஒரு யூசி வளாகத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மான்டா விஸ்டாவிலோ மிஷனிலோ அந்த 9 சதவீதத்துக்குள் நுழைவது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். கூடுதலாகப் பத்து லட்சம் கொடுத்து, பிள்ளையை இன்னும் நெருக்கமான வரிசையில் நிறுத்துகிறோம். நல்ல ஆசிரியர்கள், ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள், படிக்கும் நண்பர்கள் எல்லாம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளும் என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். என் பெரியவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பில் 'பி' வாங்கிய நாளன்று காரிலிருந்து இறங்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

எல்லைக்குள் வீடு இருந்தாலே அந்தப் பள்ளியில் இடம் நிச்சயம் என்றும் நினைக்காதீர்கள். வகுப்பு நிரம்பிவிட்டால் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், ஓவர்ஃப்ளோ என்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், எந்த ஊர் என்று சொல்லவில்லை, பள்ளிக்கு எதிர்த்த அப்பார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு பையனை ஒரு வருடம் நாலு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். ஆகஸ்டில் வந்து இறங்குபவர்களுக்கு இது அதிகம் நடக்கும். வாடகை ஒப்பந்தம், மின்சார பில் இவற்றில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள்; மருத்துவக் காரணம் தவிர வேறெந்த விலக்கும் இந்த மாநிலத்தில் கிடையாது. செப்டம்பர் 1-க்குள் நாலு வயது முடிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் 2025-26 முதல் டிகே எனப்படும் முன்வகுப்பு அரசுப் பள்ளியிலேயே இலவசம். தனியார் டேகேர் கட்டணம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும்.

சாலைக்கு வருவோம். ஆப்பிளில் வேலை, கூப்பர்டினோவில் வீடு என்றால் சைக்கிளிலேயே போய்வரலாம். ஆனால் அந்த ஊருக்குள் ரயில் கிடையாது. கால்ட்ரெயின் பிடிக்க சன்னிவேல் போக வேண்டும். மனைவிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை என்றால் சிரமம். ஃப்ரீமான்ட்டின் பலம் இங்கேதான். 1972-லிருந்து பார்ட் ரயில் இருக்கிறது, 2017-ல் வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையம், 2020-ல் பாதை மில்பிடாஸ் வழியாக சான் ஹோசேயின் பெரியெஸ்ஸா வரை நீண்டது. வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ, தெற்கே சான் ஹோசே, டம்பார்ட்டன் பாலம் தாண்டினால் மென்லோ பார்க். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. சான் ரமோனுக்குள் பார்ட் கிடையாது. டப்ளின் போய் ஏற வேண்டும். காரில் சிலிக்கான் வேலிக்கு என்றால் 680 நெடுஞ்சாலையில் சுனோல் மேட்டைத் தாண்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே தெரியும் சிவப்பு விளக்கு வரிசையைப் பார்த்துவிட்டு வீடு வாங்குவது பற்றி முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏஜென்ட் காரில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் பக்கம்தான்.

மூன்றாவது கோடு மண்ணுக்கு அடியில். ஹேவர்ட் பிளவு ஃப்ரீமான்ட்டுக்கு நடுவே, எலிசபெத் ஏரி இருக்கும் சென்ட்ரல் பார்க் வழியாகவே போகிறது. 1868 நிலநடுக்கத்தில் மிஷன் சான் ஹோசேயின் பழைய தேவாலயம் இடிந்து விழுந்தது. கூப்பர்டினோவுக்கு மேற்கே மலையில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. சான் ரமோன் கலவேராஸ் பிளவை ஒட்டி. 2015-ல் அங்கே சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான சிறு நடுக்கங்கள். ஆகவே தப்பிக்க வழியில்லை. வீடு விற்பவர் தரும் இயற்கை ஆபத்து அறிக்கையில் பிளவு மண்டலம், தீ மண்டலம் இரண்டும் இருக்கும், அதைப் புரட்டிப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கத்துக்குப் பணம் தராது, தனியாக எடுக்க வேண்டும். காட்டுத்தீயால் சாதாரணக் காப்பீடு கிடைப்பதே இப்போது பாடாக இருக்கிறது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதையே நிறுத்தியது. மலையைப் பார்த்த பால்கனி என்று மயங்கும் முன், காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். மூன்று ஊரின் மலையோர வீடுகளுக்கும் இது பொருந்தும்.

வெயிலும் வித்தியாசப்படும். ஃப்ரீமான்ட்டின் ஆர்டன்வுட் பக்கம் சாயந்திரம் வளைகுடாக் காற்று வீசும். சான் ரமோனில் ஜூலை, ஆகஸ்டில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, ஏசி பில்லையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சூழலுக்கு எங்கும் குறைவில்லை. கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்தின் வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளி மூன்று வட்டாரத்திலும் இருக்கிறது. நல்ல தோசைக்கு கூப்பர்டினோவிலிருந்து எல் கமினோ ரியல் சாலை பக்கம். லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்கு சான் ரமோனிலிருந்து சட்டென்று போய்விடலாம். பங்குனி உத்திரத்துக்கு கான்கார்டு முருகனிடம் போவதற்கும் அவர்களுக்குத்தான் வசதி. அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் வேறொன்றைப் பாருங்கள்: கார் ஓட்டாமல் அவர்கள் நடந்து போக ஒரு பூங்கா, ஒரு காய்கறிக் கடை இருக்கிறதா? சென்ட்ரல் பார்க்கில் காலை ஏழு மணிக்குப் போனால் ஸ்வெட்டரும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்ட நம்மூர் மாமாக்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்பா வந்த மூன்றாம் நாளே அங்கே திருநெல்வேலிக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார்.

என் கருத்து இது. பிள்ளை ஏழாம் எட்டாம் வகுப்பில் இருந்து, தானாகப் படிக்கும் ரகமாக இருந்தால் கூப்பர்டினோவில் வாடகைக்குப் போங்கள், வாங்காதீர்கள். இரண்டு பேருக்கும் வெவ்வேறு திசையில் வேலை என்றால் ஃப்ரீமான்ட். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஆபீஸ், வீட்டில் இடம் வேண்டும், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் சான் ரமோன். எச்1பி விசாவில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் முதல் வருடம் வாடகை வீடுதான்; வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம், வீட்டை விற்க அது போதாது.

சித்தி மகனிடம் இதையெல்லாம் சொல்லி, ஃப்ரீமான்ட்டுக்கு வந்துவிடு என்றேன். அவன் சான் ரமோனில் வாடகைக்குப் போனான். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது வழக்கமாக முக்கால் மணி நேரம் ஆகும் வழியில் 680 நெரிசலில் சிக்கி ஒன்றரை மணி நேரம் ஆனதாக ஒரே ஒரு தடவை சொன்னான். வீட்டில் மாடி இருக்கிறது என்பதை மூன்று தடவை சொன்னான்.