வீட்டுக்குப் போவதா, பள்ளிக்கு வரச் சொல்வதா?

வேறு மொழி, வேறு பண்பாட்டுக் குடும்பங்களோடு பழக எது நல்ல வழி என்று குழம்பும் ஆசிரியர்களுக்காக இது.

நேரம்: பள்ளிக் கூட்டம் என்றால் ஒரே மாலையில் எல்லாப் பெற்றோரையும் பார்த்துவிடலாம். வீட்டுக்குப் போனால் ஒரு குடும்பத்துக்கே ஒரு மணி நேரம் ஆகும்.

மொழி: இரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "கணக்கில் பின்தங்கியிருக்கிறான்" என்பதை அவனே அம்மாவிடம் எப்படிச் சொல்வான்?

நம்பிக்கை: பெரிய வித்தியாசம் இங்கேதான். பள்ளியில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பா, தன் வீட்டில் தையல் மெஷினைக் காட்டி, துணி வீணாகாமல் அளவெடுத்து வெட்டுவதை உற்சாகமாக விளக்குவார். அது அப்படியே ஒரு கணக்குப் பாடம். கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1992-ல் வெளியிட்ட, அமெரிக்காவின் அரிசோனா மாநில ஆய்வும் இதைத்தான் காட்டியது. அங்கே ஆசிரியர்கள் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கற்றுக்கொள்ளப் போனார்கள்.

ஆனால் வீட்டுக்கு ஆள் வருவது சிலருக்குச் சங்கடம், பயமும்கூட. முன்பே கேளுங்கள். தயங்கினால் நூலகத்தில் சந்திக்கலாம்.

தேர்வு, விதிமுறை பற்றிச் சொல்லப் பள்ளிக் கூட்டம் சரி. புதிதாக வந்த குடும்பம், எந்தக் கூட்டத்துக்கும் வராத குடும்பம் என்றால் வீட்டுக்கே போங்கள். அதுவும் ஆண்டுத் தொடக்கத்தில், சொல்வதற்குப் புகார் எதுவும் இல்லாதபோதே.