பெரிய கடைல சைக்கிள் வாங்குறவங்க, பிரேக் டிஸ்க் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டு காசு குடுங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. பிள்ளைங்களுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் குடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கறவங்க மட்டுமாவது முழுசா படிச்சிருங்க, ஏன்னா நான் ஏமாந்ததுல பாதி என் பேராசைதான், அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

பையன் இந்த வருஷம் ஒன்பதாவது. டியூஷன் போக வர கியர் சைக்கிள் வேணும்னு ரெண்டு வருஷமா அரிச்சிட்டு இருந்தான். நாங்க திருச்சி. எங்க தெருவுல இருந்து நாலு கடை தள்ளி ஒரு பாய் கடை, நான் சின்னப் பையனா இருக்கறப்போ வாடகை சைக்கிள் எடுத்து குரங்கு பெடல் அடிச்சதே அந்தக் கடைலதான், அப்ப இவரோட அத்தா உக்காந்து நோட்டுல டைம் எழுதுவார். முதல்ல அங்கதான் போனேன். 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு வீலுக்கும் டிஸ்க் பிரேக் (வீல் நடுவுல இருக்கற வட்டத் தகட்டைப் பிடிச்சு நிறுத்தற பிரேக்), 10,800 ரூபான்னார். கொஞ்சம் பாத்துப் போடுங்க பாய்னேன். "தம்பி இதுல எனக்கு நிக்கறதே கொஞ்சம்தான், ஒரு பைசா குறையாது, நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கோ, பார்ட்ஸ மாட்டிப் பூட்டறதுக்கு டைம் வேணும்"னார். ஒரு சைக்கிள பூட்ட எதுக்கு ஒரு நாளுன்னு எனக்கு அப்ப சிரிப்புதான் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மளிகை வாங்க அந்தப் பெரிய கடைக்குப் போனோம். பேர் சொல்ல மாட்டேன், அரிசி பருப்புல இருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஒரே கூரைல விக்கறாங்களே அந்த மாதிரி கடை, எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கு. அங்க வரிசையா சைக்கிள். அதே 21 கியர், அதே சஸ்பென்ஷன், அதே டபுள் டிஸ்க், 14,500ஐ சிவப்புல அடிச்சுட்டு பக்கத்துல 7,999. பாய் நம்மகிட்ட 2,800 ரூபா ஏத்தி அடிக்கப் பாத்திருக்காரேன்னு உள்ளுக்குள்ள ஒரு கோவம் கூட வந்துச்சு எனக்கு. பையன் ஏறி உக்காந்துட்டான், இனிமே இறக்க முடியுமா.

அங்க சைக்கிள் பூட்டிக் குடுத்தது யாருன்னா அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்களுக்கு எண்ணெய் டின்ன மேல் ரேக்ல இருந்து இறக்கிக் குடுத்த பையன். அவனைக் குத்தம் சொல்லல, இருபது வயசு இருக்கும், மளிகை செக்‌ஷன்ல நில்லுன்னா நிப்பான், சைக்கிளப் பூட்டுன்னா பூட்டுவான், யாரும் அவனுக்குக் கத்துக் குடுத்திருக்க மாட்டாங்க. டப்பாவுக்குள்ள வர்ற சைக்கிள்ல ஹேண்டில் பார், முன் வீல், பெடல், சீட்டு இவ்வளவும் தனியாத்தான் இருக்கும், கடைலதான் மாட்டணும். இருபது நிமிஷத்துல மாட்டி, சீட்ட நல்லா உயர்த்தி வச்சு, "ரெடி சார், கம்பெனி ஃபிட்டிங்"னு குடுத்துட்டான். பில்லு அடில பொடி எழுத்துல விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு இருந்ததை நான் அப்ப பாக்கல.

முதல் நாள்லயே பையன் சொன்னான், திரும்பறப்போ கால் விரல் முன் டயர்ல தட்டுதுப்பான்னு. உனக்கு கால் நீளம்டான்னேன். ஹேண்டில் ஒரு பக்கமா சாயுதுன்னான். புது சைக்கிள் பழகணும்டான்னேன். இடது பெடல்ல இருந்து கிடுக் கிடுக்னு சத்தம் வருதுன்னான், ஸ்பேனர் போட்டு நானே முறுக்கிவிட்டேன், அப்பாவுக்கு எல்லாம் தெரியும்ல.

ஒன்பதாம் நாள் மேம்பாலம் ஏர்றப்போ எழுந்து நின்னு மிதிச்சிருக்கான், இடது பெடல் அப்படியே கழண்டு வந்திருச்சு. தாடை ஹேண்டில்ல போய் இடிச்சு கிழிஞ்சிருச்சு. மூணு தையல். பின்னாடி வந்த ஆட்டோக்கார அண்ணன் சட்டுனு பிரேக் போட்டிருக்கார், இல்லன்னா இந்தப் பதிவையே நான் எழுதிட்டு இருக்க மாட்டேன். அவர் யாருன்னு கூட கேக்கத் தோணல எனக்கு, பெடலை கைல வச்சுட்டு நின்னேன்.

மறுநாள் சைக்கிளையும் பில்லையும் தூக்கிட்டு கடைக்குப் போனேன். கஸ்டமர் சர்வீஸ்ல ஒரு அம்மா, அவங்களுக்கு மேல ஒரு ஃப்ளோர் மேனேஜர், அவர் கீழ குனிஞ்சு கூட பாக்கல. "ஒன்பது நாள் ஓட்டிருக்கீங்களே சார்." ஓட்டத்தானே சார் வாங்கினேன். "லூஸ் பெடலோட ஓட்டினா த்ரெட் போயிரும் சார், இது கஸ்டமர் டேமேஜ், வாரண்டில வராது." வாரண்டி கார்டை எடுத்துப் பாத்தா ஃப்ரேமுக்கு மட்டும்தான் வாரண்டி. டயர், டியூப், பெடல், பிரேக், கியர் எதுக்கும் கிடையாது, அதாவது சைக்கிள்ல எது எது ஓடுமோ தேயுமோ அது எதுக்கும் கிடையாது, அசையாம சும்மா இருக்கற இரும்புக் குழாய்க்கு மட்டும் உண்டு. தையல் போட்ட போட்டோவைக் காட்டினேன். "கெட் வெல் சூன் சார்"னார்.

அங்கிருந்து தள்ளிட்டே பாய் கடைக்கு வந்தேன், மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அவர் ஒரு டியூப்ப தண்ணித் தொட்டில முக்கி பஞ்சர் பாத்துட்டு இருந்தார். நிமிந்தவர் என்னைப் பாக்கல, சைக்கிளத்தான் பாத்தார், வாசப்படில நிக்கறப்பவே, தொடவே இல்ல.

"ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டுட்டானுங்க."

எனக்குப் புரியல. டிஸ்க் எந்தப் பக்கம் இருக்கு பாருன்னார். பின் வீல்ல இடது பக்கம் இருந்துச்சு, முன் வீல்ல வலது பக்கம். செயின் வலது பக்கம் ஓடுறதால டிஸ்க் ரெண்டுமே இடது பக்கம்தான் வரணுமாம். ஃபோர்க்னா முன் வீலப் பிடிச்சிருக்கற ரெண்டு கால், அதைச் சேக்கற அந்த வளைவுப் பாலம் நம்ம சைக்கிள் மாதிரி சஸ்பென்ஷன்ல முன் பக்கம் நிக்கணும், இதுல உள்பக்கமா பையன் முழங்காலப் பாத்துட்டு நின்னுச்சு. ஃபோர்க் நுனி முன்னால தள்ளி இருக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அது பின்னால போனதும் வீல் உள்ள வந்திருச்சு, அதான் விரல் தட்டினது, அதான் ஹேண்டில் சாஞ்சது. ஒன்பது நாளா நான் பழகிக்கடான்னு சொல்லிட்டு இருந்தது இதுக்குத்தான்.

அப்புறம் ஒண்ணொண்ணா கழட்டினார், நான் ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். பெடல் ரெண்டையும் மாத்திப் போட்டிருக்காங்க. ஒவ்வொரு பெடல் நுனிலயும் எல், ஆர்னு பொறிச்சிருக்கும். வலது பெடல் நம்ம சாதாரண நட்டு மாதிரி வலது பக்கமா திருகினா இறுகும், இடது பெடலுக்கு மறை, அதான் திருகு வரி, எதிர்ப்பக்கம், இடது பக்கமா திருகினாத்தான் இறுகும், ஏன்னா சாதா மறை போட்டா மிதிக்க மிதிக்க அதுவே கழண்டுக்கும். இது ரொம்ப பழைய விஷயம், விமானம் செஞ்ச ரைட் சகோதரர்கள் அமெரிக்கால டேட்டன்ங்கற ஊர்ல சைக்கிள் கடை வச்சிருந்தவங்கதான், அவங்களே 1900ல கழண்டுக்காத பெடல்னு இதை வச்சு விளம்பரம் பண்ணிருக்காங்க. நம்ம எண்ணெய் டின் பையன் போகாத மறைல போகாத பெடலை ஸ்பேனர் வச்சு முரட்டுத்தனமா ஏத்திருக்கான், பெடல் இரும்பு, பெடல மாட்டற கை, அதான் கிராங்க், அலுமினியம், மறை எல்லாம் சுரண்டிட்டு உள்ள போயிருக்கு. நான் வேற அது மேல முறுக்கிவிட்டிருக்கேன். பாய் கிராங்க் ஓட்டைக்குள்ள சுண்டுவிரலை விட்டு எடுத்துக் காட்டினார், விரல் நுனில வெள்ளி வெள்ளியா அலுமினியத் தூள்.

வலது பெடலும் அடுத்த வாரம் கழண்டு வந்திருக்கும்னார்.

சீட் கம்பிய உருவினார். அதுல ஒரு கோடு போட்டிருக்கு, அந்தக் கோடு வெளிய தெரியாத அளவுக்கு உள்ள இறங்கி இருக்கணும். எங்களுது ரெண்டு விரக்கடை வெளிய நின்னுச்சு. வீலச் சுத்திவிட்டு கட்டைவிரல் நகத்தை ரிம் பக்கத்துல வச்சார், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல டிக்னு நகத்துல உரசுது. போக்ஸ் கம்பிய விரலால மீட்டினா ஒண்ணு டிங்னு கேக்குது இன்னொண்ணு தொளதொளன்னு கிடக்குது. ஹேண்டில் பால்ரஸ்ல பேருக்குக் கூட கிரீஸ் இல்ல. முன் பிரேக்க அழுத்தினா லீவர் ஹேண்டில்ல போய் முட்டுது, அதுல டிஸ்க் இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்.

"இதுக்குத்தான் தம்பி ஒரு நாள் கேட்டேன்"னு மட்டும் சொன்னார். அதுக்கு மேல குத்திக் காட்டல, காட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

கிராங்க் செட் 750, பெடல் ஜோடி 300, பிரேக் பேடும் ஒயரும் 450, நீளமான சீட் கம்பி 250, கூலி 600. மொத்தம் 2,350. ஆஸ்பத்திரிக்கு 1,400. சைக்கிள் விலை 7,999ஐயும் சேத்தா 11,749, அதாவது பாய் முதல்ல சொன்ன விலைய விட 949 ரூபா அதிகமா குடுத்து, மூணு தையலோட, அதை விட மட்டமான சைக்கிள் வாங்கிருக்கேன். அந்த 2,800 ரூபா வித்தியாசம் என்னன்னு இப்ப சொல்றேன், கொஞ்சம் சரக்கு தரம், மீதி அவர் கேட்ட அந்த ஒரு நாள்.

இதுல பாயைப் பெரிய மகான் ஆக்கல நான். கேட்டாத்தான் பில் போடுவார், ஒரு பார்ட்ஸ் சொன்னா பத்து நாள் இழுப்பார், வெள்ளிக்கிழமை மதியம் கடை திறக்காது, அதிகமா கேள்வி கேட்டா எரிஞ்சு விழுவார். சின்னக் கடைன்னாலே யோக்கியம்னும் கிடையாது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தர் போன வருஷம் என் பழைய சைக்கிள்ல நல்லா இருந்த டியூப்பைக் கழட்டி வச்சுக்கிட்டு ஒட்டுப் போட்ட டியூப்ப மாட்டி அனுப்பினார். ஆனா பாய்கிட்ட சைக்கிள் கோளாறுன்னா நான் எங்க போய் நிக்கணும்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆன்லைன்ல வாங்கறவங்க இன்னும் உஷாரா இருங்க, 85 சதவீதம் அசெம்பிள் பண்ணி வரும்னு போட்டிருப்பாங்க, அந்த மீதி 15 சதவீதத்துலதான் பெடலும் ஹேண்டிலும் பிரேக்கும் இருக்கு. நேரா ஒரு நல்ல மெக்கானிக் கிட்ட டப்பாவோட தூக்கிட்டுப் போங்க, கூலி குடுங்க, வீட்ல யூடியூப் பாத்து பூட்டாதீங்க.

அந்தப் பெரிய கடைய நான் விடல, ஆனா விட்ட மாதிரிதான் முடிஞ்சுது. வக்கீலா இருக்கற மச்சான் சொன்னான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, பில்லுல நாள் எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதே முறையற்ற வணிகம்னு இருக்கு, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு அச்சடிச்சுட்டா ஆச்சான்னு. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், போட்டோ எல்லாம் அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு கடைல இருந்து அதே மேனேஜர், இப்ப குரல்ல தேன் ஒழுகுது, குட்வில்லா 1,000 ரூபா வவுச்சர் தர்றோம் சார்னார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட கிடையாது, ஆனா ரெண்டு வாரம் போன்ல நாய் மாதிரி கத்தி ஓஞ்சு போயிருந்தேன், வாங்கிட்டேன். தப்புதான். நீங்க யாராவது மாட்டினா ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் பாய் பாதி கழட்டினதுக்கு அப்புறம்தான் எடுத்தேன், அதையும் அவங்க வெளில கழட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

போன வாரம் வவுச்சர் காலாவதி ஆகப் போகுதுன்னு வீட்ல ஒரே நச்சரிப்பு, துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கலாம்னு போனோம். அந்தக் கடைல மளிகைக்குப் போகணும்னா சைக்கிள் செக்‌ஷனைத் தாண்டித்தான் போகணும். அஞ்சு சைக்கிள் புதுசா பூட்டி நின்னுச்சு, பழக்க தோஷத்துல டிஸ்க்கப் பாத்துட்டே வந்தேன். நாலாவதுல வலது பக்கம். அதே பையன் பக்கத்துல நின்னான், இங்க பாரு தம்பி ஃபோர்க் திரும்பியிருக்குன்னு காட்டினேன். அவனும் நல்லாத்தான் குனிஞ்சு பாத்தான்.

"இல்ல சார், இந்த மாடலே அப்படித்தான்"னான்.