ஆறு அமர்வும் ஒரு கேள்வியும்: தஞ்சோங் பகாரில் பெற்ற கோச்சிங்

கோச்சிங் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது சாதாரண நிலைத் தேர்வுக்கான துணைப்பாட வகுப்புதான். "இந்த வயதில் உங்களுக்கு என்ன டியூஷன்?" என்று என் மனைவியும் கேட்டார். நான் சொல்வது வேறு: பணியில் எழும் சிக்கலுக்கு நாமே விடை காணும்படி கேள்விகள் கேட்டு உதவும் தனி அமர்வுகள். சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில் 14 பேருக்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற ஓராண்டுக்குள் மூவர் வேலையை விட்டுச் சென்றிருந்தனர். மற்றவர்களும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டனர். அதனால்தான், நிறுவனம் ஏற்பாடு செய்யும் என்று காத்திராமல், தனித்து இயங்கி கோச்சிங் அளிக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணியிடம் 1,500 வெள்ளி கட்டி ஆறு அமர்வுகளுக்குப் பதிவு செய்துகொண்டேன்.

முதல் அமர்வு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவரோ, "வேலையை விட்டவர்கள் போவதற்கு முன் உங்களிடம் கடைசியாக என்ன பேசினார்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். மூவரில் ஒருவர் பேசியதுகூட என் நினைவில் இல்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, இதற்கா இவ்வளவு பணம் என்ற எரிச்சல் ஒரு பக்கம், அந்தக் கேள்வியை உதற முடியாத சங்கடம் மறுபக்கம்.

இலக்கு, இன்றைய நிலை, திறந்திருக்கும் வழிகள், செய்வதற்கான உறுதி என்று நான்கு படிகளில் செல்லும் 'குரோ' முறையைத்தான் அவரும் பின்பற்றினார். இத்துறையில் பலர் கையாளும் முறை அது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. அவருடைய தனித்திறன் மூன்றாவது அமர்வில்தான் தெரிந்தது. அதுவரை நான் ஆங்கிலத்தில் பேசி, 'ஃபிரஸ்ட்ரேஷன்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருந்தேன். அதையே தமிழில் சொல்லும்படி கேட்டார். வாயில் வந்த சொல் 'அவமானம்'. என் பிரிவில் ஒருவர் தாமதமாக வந்தால் மேலதிகாரி முன் என் மானம் போவதாக எண்ணித்தான், காலைக் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் அவரைக் கேள்வி கேட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம், வழக்கமாகத் தாமதிக்கும் ஓர் இளைஞரைக் கேன்டீனில் தனியாக உட்கார வைத்து, "என்ன தம்பி, என்ன விஷயம்?" என்று கேட்டேன். "தங்கும் விடுதி லாரி ரெண்டு நடை அடிக்குது அண்ணே, எனக்கு ரெண்டாவது நடையிலதான் இடம்," என்றார். லாரி ஏற்பாட்டாளரிடம் ஒரு முறை பேசியதில் அது தீர்ந்தது. கனிவு என்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது என்று பொருளில்லை. சரக்கு எண்ணிக்கையைத் தொடர்ந்து தவறாகப் பதிந்த மற்றொருவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதை மூடிய அறையில், அவர் தரப்பை முழுவதுமாகக் கேட்ட பிறகே கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் நிரப்பச் சொன்ன ஆளுமை வினாத்தாள் முழுக்க முழுக்க அலுவலக மேசையில் இருப்பவர்களுக்கானது; ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் நிற்பவருக்கு அதில் பாதி பொருந்தாது. ஸூம் வழியாக நடந்த இரண்டு அமர்வுகளில், கேள்வி கேட்டுவிட்டு அவர் காக்கும் அமைதிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இணையம் அறுந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. அமர்வுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அமர்வு கழிந்ததாகக் கொள்ளப்படும் என்ற விதி, இரவுப் பணியில் இருப்பவர்களுக்குக் கடுமையானது.

சேர எண்ணுவோர், கோச்சிங் அளிப்பவரின் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்று அளிக்கிறது; அவற்றுக்குக் குறைந்தது முறையே 100, 500, 2,500 மணி நேர அனுபவம் வேண்டும். 25 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்கு அரசு வழங்கும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கே பயன்படுத்த முடியும் என்பதால், இத்தகைய தனி அமர்வுகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். பணி அட்டவணை போடவோ கணக்குப் பார்க்கவோ கற்க விரும்புவோருக்கு அத்தகைய பயிற்சி வகுப்பே போதும்.

நான் மேலும் இரண்டு அமர்வுகளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இரண்டும் நேரில்தான், தமிழில்தான்.